ஆரம்பத்துக்கு நல்ல நேரம் பார்த்தது யார்?

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. கவனித்தீர்களா?

கவனித்திருக்கிறீர்கள். தாராபுரத்திலிருந்து ஒரு வாசகி, 'ஆசிரியரோடு சண்டையா?' என்று கார்டு போட்டிருக்கிறார். பல்லடத்துக்காரர் ஒருவர் ஆபீசுக்கே போன் போட்டு, அந்தம்மா நிறுத்திக்கொண்டாரா, நீங்கள் நிறுத்திவிட்டீர்களா என்று விசாரித்தாராம். சண்டையும் இல்லை, யாரும் யாரையும் நிறுத்தவும் இல்லை. எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பெண் குழந்தை.

வாழ்த்துச் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் இன்னும் பயந்துபோய்த்தான் இருக்கிறேன். தொட்டிலுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு கண் பேப்பரிலும் ஒரு கண் தொட்டிலிலுமாக இதை எழுதுகிறேன். தொட்டிலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் நிற்கிறார். அவர் ஏன் நிற்கிறார் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி முழுக்க.

நிற்பவர் எங்கள் எம்.டி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: எம்.டி. என்றால் என் வீட்டுக்காரர். திருப்பூரில் நாலு நிட்டிங் மெஷின் போட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் துணி ஓட்டிக் கொடுக்கிறவர். நாலு மெஷினுக்கு எம்.டி.யா என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் ஒரே ஒரு மெஷின் வைத்திருப்பவரின் விசிட்டிங் கார்டிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும்.

நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். அவரிடம் ஒரே ஒரு சிக்கல் — நேரம்.

கடிகாரம் காட்டுகிற நேரம் இல்லை. காலண்டர் காட்டுகிற நேரம். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். எங்கள் வீட்டில் எத்தனை அறையோ அத்தனை தினசரிக் காலண்டர். யூனிட்டில் ஒவ்வொரு மெஷினுக்கு எதிரேயும் ஒன்று. ஷட்டரைத் தூக்குவது, நூல் மூட்டையைப் பிரிப்பது, புதுச் சட்டை போடுவது... ஏன், புது டூத் பிரஷ்ஷை உறையிலிருந்து எடுப்பதற்குக் கூட மனிதர் காலண்டரைப் பார்ப்பார்.

திருப்பூரில் இது பெரிய அதிசயமில்லை. ஷிப்மென்ட் கழுத்தை நெரிக்கும். அப்படியும், லோடு ஏற்றின லாரி கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டிருக்கும் — ராகு காலம் முடியட்டும் என்று. பம்பாய் ஏஜென்ட் அவசரமாக அனுப்பின ஃபேக்ஸ் மெஷினிலிருந்து பாதி தொங்கிக்கொண்டிருக்கும், ஒருவரும் கிழிக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை திருப்பூரில் தாளைக் கிழிக்கமாட்டார்கள் என்று பம்பாய்க்காரருக்கு யார் எடுத்துச் சொல்வது?

ஆனால் எங்கள் எம்.டி.யின் சட்டம் இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லமுடியாது.

ராகு காலத்தில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதை நடத்தலாம். இதுதான் சட்டம்.

நிட்டிங் மெஷின் பார்த்திருக்கிறீர்களா? வட்டமாக நூற்றுக்கணக்கில் ஊசிகள். மேலே கோன்களிலிருந்து நூல் இறங்கும். ஊசிகள் பின்னப் பின்னத் துணி குழாயாகக் கீழே இறங்கிச் சுருண்டுகொள்ளும். நடுவில் ஒரு நூல் அறுந்தால் முடிச்சு — இங்கே 'முடி' என்பார்கள் — போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே போகலாம். கவனிக்காமல் விட்டால் போச்சு... மொத்தத் துணியும் ஊசிகளிலிருந்து கழன்று பொத்தென்று கீழே விழும். அப்புறம் விழுந்த துணியைத் தூக்கி, ஊசி ஊசியாகக் கையால் மாட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வெறும் ஊசியில் துணி இறக்குகிற பழக்கம் எங்கள் யூனிட்டில் கிடையாது. புது மெஷின் வாங்கினால் கூட, பழைய மெஷினில் ஓடின துணியில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து மாட்டி, அதைப் பிடித்துத்தான் புதுத் துணியை இழுப்பார் எம்.டி. ஒரு துணியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த துணி வரும் என்பார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு 'முன்னாடி' வேண்டும்.

எங்கள் ஆபரேட்டர் செல்லத்துரை திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நூல் அறுந்துவிட்டது, முடி போடலாமா, பன்னிரண்டு மணி ஆகட்டுமா என்று தெரியவில்லை என்றார். எம்.டி. நீதிபதி மாதிரி யோசித்தார்.

"முடி போடறது ஆரம்பமில்லீங்க தம்பி. அது ஓடிட்டிருக்கிற துணி. போட்டு ஓட்டுங்க."

"துணி விழுந்துட்டுன்னா, மொதலாளி?"

"அப்ப நிறுத்திப் போடோணும். மறுக்கா மாட்டறது ஆரம்பந்தானுங்களே."

அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில் இதுதான் சட்டம். கரண்ட் போய் வந்தால்? தொடர்ச்சி. கோன் மாற்றினால்? தொடர்ச்சி. டிசைன் மாற்றினால்? ஆரம்பம் — தொடாதே. செல்லத்துரைக்கு இப்போது இது தலைகீழ்ப் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

சிரித்தீர்களா? நானும் சிரித்திருக்கிறேன். இந்தப் பக்கத்திலேயே அந்த டூத் பிரஷ்ஷை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன்.

ஆனால் எம்.டி. எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. கல்யாணமான புதிதில் என் அப்பா ராகு காலம் என்று சொல்லி எங்களை வாசலில் நிறுத்தினால், "அதெல்லாம் பாத்தா பொழைக்க முடியுமுங்களா மாமா" என்று வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனவர் இவர்தான். அப்புறம் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பிறந்தான் என்று சொல்வதா, என்ன சொல்வது என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. வெளியே எடுத்தார்கள். அழவில்லை. ஒரு மூச்சுக்கூட விடவில்லை.

அவனைப் பற்றி இங்கே நான் எழுதியதில்லை. வீட்டிலும் பேசுவதில்லை. அவன் போனதற்கு அடுத்த வாரம்தான் முதல் காலண்டர் எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்தது. தொழில் சரியில்லை, அதனால் மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாக் காலண்டருக்கும் பின்னால் வேறொன்று இருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

சரி, நடந்ததற்கு வருகிறேன்.

பிரசவத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது எங்கள் ஏரியா வாசகர் வட்டத்துக்கு ஆண்டு விழா. கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். கோயமுத்தூரிலிருந்து ஒரு பிசிக்ஸ் லெக்சரர் பேச வந்திருந்தார். நன்றியுரை நான். பத்தி எழுதுகிறவளுக்கு இந்த ஊர் கொடுக்கிற மரியாதை அதுதான் — எல்லோரும் எழுந்து டிபனுக்குப் போகிற நேரத்தில் மைக்கைக் கையில் கொடுப்பார்கள்.

லெக்சரர் நன்றாகப் பேசினார். பிரபஞ்சம் ஒரு காலத்தில் ஊசிமுனையை விடச் சின்னதாக இருந்தது, அதிலிருந்து விரிந்தது என்றார். அதெல்லாம் நானும் எங்கோ படித்ததுதான். அடுத்துச் சொன்னார் பாருங்கள்...

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால், பிரபஞ்சத்தோடு சேர்ந்துதான் காலமும் பிறந்தது என்று ஒரு கருத்து இருக்கிறது. அது சரியென்றால் 'அதற்கு முன்னால்' என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்னால் என்று சொல்வதற்கு நேரம் வேண்டுமே, அந்த நேரமே இல்லையே. வேறு சிலர், இல்லை, முன்னாலும் ஏதோ இருந்திருக்கலாம் என்கிறார்கள். உறுதியாக யாருக்கும் தெரியாது — இவ்வளவையும் ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார் மனிதர்.

எனக்குப் பயம் வந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

கேள்வி நேரம். முதல் கை எம்.டி.யுடையது.

"ஏனுங்க சார், நேரமே இல்லீன்னா... நல்ல நேரம் பாத்து ஆரம்பிச்சிருக்க முடியாதுங்களே?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. லெக்சரரும் சிரித்துவிட்டு, முடியாதுதான் என்றார். பார்க்க விரும்பினாலும் பார்ப்பதற்கு நேரம் இல்லையே என்றார். அதற்கும் சிரிப்பு. வழக்கமாக இப்படி ஒன்று நடந்தால் அடுத்த வாரப் பத்திக்கு மேட்டர் கிடைத்தது என்று நான்தான் முதலில் சிரிப்பேன். அன்றைக்கு முடியவில்லை. எம்.டி. சிரிக்கவில்லை. அவர் தமாஷுக்குக் கேட்கவில்லை என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

டிபன் பந்தியில் லெக்சரருக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்துகொண்டார் எம்.டி. பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. தணிந்த குரலில் இன்னொன்று கேட்டார்.

"முன்னாடின்னு ஒண்ணு இல்லீன்னா, எதனாலன்னு கேக்கவே முடியாதுங்களா?"

லெக்சரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொன்னார்.

"கேக்கலாம். பதில் இருக்கும்னு சொல்ல முடியாது."

எம்.டி. தலையை ஆட்டிவிட்டு, இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். சாப்பிடவே இல்லை.

வீட்டுக்கு வந்து காலண்டர் முன்னால் நின்றார். பார்க்கவில்லை, நின்றார். உலகத்தையே நல்ல நேரம் பார்க்காமல் ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் இந்தத் தாளில் அச்சடித்திருப்பதற்கு என்ன அர்த்தம்? அவர் சொல்லவில்லை. முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

என் கதையும் நன்றாக இல்லை. மறுநாள் மத்தியானம் படுத்திருந்தபோது ஒரு விபரீத வேலை செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தேன். எங்கள் யூனிட் இல்லை. திருப்பூர் இல்லை. நொய்யல் ஆறு இல்லை. பூமி, சூரியன், நட்சத்திரம் எதுவும் இல்லை. இருட்டும் இல்லை. எல்லாம் போன பிறகும் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது — எப்போது ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டு நான் இருந்தேன். காத்திருக்கிறேன் என்றால் அங்கே நேரம் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் என்னையும் அழிக்க வேண்டும். அழிக்கப் போனேன்...

பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. இவளுக்கு இப்போது நேரம் உண்டா? உள்ளே இருப்பவளுக்கு நேற்று, இன்று உண்டா? இவளுக்கு உண்டென்றால் அவனுக்கும் இருந்திருக்கும். என் வயிற்றில் இருந்த வரைக்கும் அவனும் இப்படித்தானே உதைத்தான்?

அவனுக்குப் பிறந்த நேரம் என்று எதையும் யாரும் குறிக்கவில்லை. கேட்கவும் இல்லை. அவனுக்கு நேரம் ஆரம்பிக்கவே இல்லையா? ஆரம்பிக்காதது எங்கே போகும்? இந்தக் கேள்விகளை யாரிடம் கேட்பது? எம்.டி.யிடம் கேட்க முடியாது. லெக்சரரிடம் கேட்கலாம் — பதில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்படியே ஒரு மாசம். அவர் காலண்டரைப் பார்த்துப் பயந்தார், நான் வயிற்றைத் தடவிப் பயந்தேன். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

வலி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில்.

எம்.டி. அன்று அசரவில்லை. ராகு காலத்துக்கு முன்னாலேயே, நல்ல நேரம் இருக்கும்போதே, கார் பிடித்து என்னை நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டார். சேர்த்தபோது அவர் முகத்தில் நான் பல வருஷமாகப் பார்க்காத ஒரு தெளிவு. இந்தத் தடவை ஆரம்பம் சரி. இனி நடப்பதெல்லாம் தொடர்ச்சி.

பதினொரு மணி வாக்கில் டாக்டரம்மா என் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் வெளியே ஓடினாள். டாக்டர்கள் பேசும்போது எனக்குப் பயமில்லை. பேசாமல் பார்த்துக்கொள்ளும்போதுதான் பயம்.

ஸ்ட்ரெச்சரில் என்னை மாற்றி வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எம்.டி. ஓடி வந்தார். குழந்தையின் ஹார்ட் பீட் குறைந்துகொண்டு வருகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார் டாக்டரம்மா.

எம்.டி. பேனாவை வாங்கினார். நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு மணிக்கு மேல வெச்சுக்கலாமுங்களா, டாக்டரம்மா?"

அந்தம்மாவுக்கு இது புதிதில்லை. சிசேரியனுக்கு நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவர். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"பன்னெண்டு மணிக்கு எனக்கு அங்க வேலை இருக்குமான்னு தெரியலைங்க."

எம்.டி.யின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. கையெழுத்து விழவில்லை.

இந்த இடத்தில் நான் கோபப்பட்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குள்ளேயும் ஒருத்தி அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஆகட்டுமே, எதற்கு வம்பு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் ஒன்றை இழந்தவர்களுக்கு எது வேண்டுமானாலும் காரணமாகத் தெரியும். சுவரில் இருக்கிற முள்ளும் தெரியும்.

அப்போதுதான் வயிற்றில் அசைவே இல்லை என்பது உறைத்தது. காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்தவள் சும்மா இருக்கிறாள். அந்தப் பயம் மற்ற எல்லாப் பயத்தையும் விழுங்கிவிட்டது. எம்.டி.யின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏனுங்க... நூல் அறுந்தா நேரம் பாப்பீங்களா?"

அவருக்குப் புரியவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"இது ஆரம்பமில்லீங்க. ஒம்பது மாசமா ஓடிட்டிருக்கிற துணி. அறுகப் பாக்குதுங்க... முடி போடச் சொல்லுங்க."

அவர் குனிந்தார். டாக்டரம்மாவுக்குக் கேட்காத குரலில், என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டார்.

"அப்ப மொத தடவ?"

நான் அவர் சட்டையை விடவில்லை.

"மொத தடவ ராகு காலத்துல உன்னைய வண்டியில ஏத்துனது நாந்தான். உங்கப்பாரு சொன்னாங்க, நான் கேக்கல. அதனாலதான்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருக்கறேன். அதனால இல்லீன்னா... எதனால புள்ள?"

அவர் இப்படி நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வாசகர்களே, எனக்கு அது தெரியவே தெரியாது. இத்தனை காலண்டரும், நிறுத்தி வைத்த இத்தனை மெஷினும் தொழிலுக்காக இல்லை. தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டு ஒரு மனிதர் என் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அந்தக் குற்றம்தான் அவருக்குப் பிடிமானமாகவும் இருந்திருக்கிறது. தன்னால்தான் என்றால் அதற்கு ஒரு முன்னாடி இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த தடவை ஜாக்கிரதையாக இருந்துகொள்ளலாம். தன்னால் இல்லை என்றால்? யாராலும் இல்லை, எதனாலும் இல்லை என்றால்? அந்த லெக்சரர் மண்டபத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டே இவர் பிடித்திருந்த துணியின் வாலைக் கத்தரித்துவிட்டார்.

அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

"தெரியலீங்க," என்றேன். "எதனாலயும் இல்லீங்க."

உலகத்திலேயே பயங்கரமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அதைக் கேட்டு அவர் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். அப்புறம் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் விளிம்பிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பாதிக் கையெழுத்திலேயே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

உள்ளே, மயக்க மருந்து டாக்டர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். எந்த ஊர் என்றார். குண்டடம் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு நர்ஸ் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நடுவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. தூக்கம் மாதிரி என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். தூங்கி எழுந்தால் தூங்கினோம் என்றாவது தெரியும். இது அப்படி இல்லை. குண்டடத்துக்கும் கன்னத்தில் விழுந்த தட்டுக்கும் நடுவே இருட்டுக்கூட இல்லை, காத்துக்கொண்டிருக்க நானும் இல்லை. ஒரு மாசமாகக் கண்ணை மூடி எந்த இடத்தை நினைத்துப் பார்க்க முடியாமல் பயந்து எழுந்தேனோ, அங்கே போய் வந்திருக்கிறேன். போனது எனக்குத் தெரியவில்லை.

நான் இல்லாத அந்த இடத்தில்தான் என் மகள் பிறந்திருக்கிறாள்.

எனக்கு நேரமே இல்லாமல் போனபோது, வெளியே ஒருவருக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எம்.டி. கைக்கடிகாரத்தைக் கழற்றி மடித்த வேட்டிக்குள் சொருகிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். நர்சிங் ஹோம் ஆயாம்மா சொன்னாள். உள்ளே கத்திரி சத்தம், தட்டு சத்தம் எல்லாம் கேட்டதாம். குழந்தையை எடுத்துவிட்டோம் என்று யாரோ சொன்னதும் கேட்டதாம். அழுகை மட்டும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் கேட்கவில்லை? அப்புறம் நான் கேட்டேன். தெரியவில்லை என்றார். நல்ல நேரத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற மனிதருக்கு அந்த நேரம் மட்டும் தெரியவில்லை. போன தடவையும் இப்படித்தான் வெளியே உட்கார்ந்திருந்தாராம். அப்போதும் இதே மாதிரி சத்தமில்லை. அது முடிந்து இது ஆரம்பித்ததா, அதுவேதான் இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கிறதா என்று அவருக்குக் குழம்பிவிட்டதாம்.

அப்புறம் அழுகை கேட்டிருக்கிறது. எடுத்தவுடன் கத்தும் குழந்தை மாதிரி இல்லை. யோசித்து யோசித்து, சின்னதாக. அதைக் கேட்ட பிறகும் எம்.டி. எழுந்திருக்கவில்லையாம். இன்னொரு தடவை அழட்டும் என்று உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் அவருடைய அக்கா பொங்கலூரிலிருந்து வந்தார். குழந்தையைப் பார்த்தார், நெற்றியைத் தடவினார், நகத்தையெல்லாம் பிரித்துப் பார்த்தார். அடுத்த கேள்வி என்ன என்பது உங்களுக்கே தெரியும். பிறந்த நேரம் என்ன, ஜாதகம் எழுத வேண்டுமே.

"கவனிக்கலீங்கக்கா," என்றார் எம்.டி.

அக்காவுக்கு மயக்கம் வராத குறை. டூத் பிரஷ்ஷுக்கு நேரம் பார்க்கிறவன், சொந்தக் குழந்தைக்குப் பார்க்கவில்லையா? எழுதி வைத்திருப்பார்கள், நர்ஸைக் கேட்டு வருகிறேன் என்று கிளம்பினார். எம்.டி. கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

"வேண்டாமுங்கக்கா. அது அழுதுச்சு. அப்பத்தான் நேரமே ஆரம்பிச்சுது."

"அதுக்கு முன்னாடி மணி என்னடா இருந்துச்சு?"

"முன்னாடின்னு ஒண்ணு இல்லீங்கக்கா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தையல் போட்ட வயிற்றோடு அழவும் முடியாது, சிரிக்கவும் முடியாது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. மனிதர் திருந்திவிட்டார், காலண்டரையெல்லாம் கழற்றிவிட்டார் என்று முடித்துவிடலாம். நீங்களும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். ஆனால் அப்படி நடக்கவில்லை.

காலண்டர்கள் அப்படியேதான் இருக்கின்றன. துணி விழுந்தால் செல்லத்துரை இன்றைக்கும் பன்னிரண்டு மணி வரை நின்றுகொண்டுதான் இருக்கிறார். முன்பு எம்.டி.க்கு ராகு காலம் மட்டும்தான் பயம். அதைத் தள்ளிப்போட வழி இருந்தது, காலண்டரில் அச்சடித்தும் இருந்தது. இப்போது இருக்கிற பயத்துக்குக் காலண்டர் கிடையாது. எதனாலும் இல்லாமல் ஒன்று ஆரம்பிக்க முடியும் என்றால், எதனாலும் இல்லாமல் அது நிற்கவும் முடியுமே? எந்த நிமிஷம் வேண்டுமானாலும்? இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. இருவரும் ஒரே தொட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், சொல்வதற்கு என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்று, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, எங்கள் பையனைப் பற்றிப் பேசினோம். அவனுக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தோம் என்பதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அதற்கு மேல் பேச முடியவில்லை. ஆனால் பேசினோம்.

தொட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஏன் நிற்கிறார் என்று சொல்வதாக ஆரம்பத்தில் சொல்லிவைத்தேன் அல்லவா? குழந்தையின் மூக்குக்கு நேரே ஒரு விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். யூனிட்டில் நாலு மெஷினும் ஓடுகின்றன, ஓனர் இங்கே நிற்கிறார். இன்று வெள்ளிக்கிழமை. மணி பதினொன்று ஆகிறது.

மூச்சு வருகிறதாம் — இப்போதுதான் சொன்னார்.